டயர் மாற்றும் முன் ஒரு கணக்கு!

"ரிம்மில் ஏறினால் சரி" என்று நினைப்பது ஆபத்து

முருகப் பெருமானின் அறுபடை வீடுகளில் ஒன்று திருத்தணி. முருகனின் சினம் தணிந்த இடம் என்பதால் "தணிகை" என்ற பெயர் வந்தது என்பார்கள்.

மலைக்கோவிலுக்குப் படிகள் 365. ஆண்டின் நாட்கள் எத்தனையோ, அத்தனை படிகள்! படி ஏற முடியாதவர்கள் மலைப்பாதை வழியாக வண்டியில் மேலே போகலாம்.

ஆடிக் கிருத்திகை வந்தால் திருத்தணி நிரம்பி விடும். டிசம்பர் 31-ந் தேதி இரவு நடக்கும் திருப்படித் திருவிழாவுக்கும் பெருங்கூட்டம் சேரும். தமிழ்நாட்டுக் கார்களும் ஆந்திரக் கார்களும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நிற்கும்.

புதுக் கார் வாங்கியவர்கள் கோவிலுக்கு வந்து பூஜை போடுவது உண்டு. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். கார் மெல்ல நகரும். பழம் நசுங்கும். வீட்டில் உள்ள எல்லாருக்கும் மகிழ்ச்சி!

அந்த நேரத்தில் எல்லாருடைய கண்ணும் எலுமிச்சம்பழத்தின் மேல் இருக்கும். பழத்தை நசுக்கிய டயரை யாரும் பார்ப்பது இல்லை.

அந்த டயரின் பக்கவாட்டில் சில எண்கள் அச்சாகி இருக்கும். அவை என்ன சொல்கின்றன என்று தெரியாமலேயே பலர் கார் ஓட்டுகிறார்கள். தெரியாமலேயே வேறு அளவு டயரும் மாற்றி விடுகிறார்கள்.

கடையில் நடக்கும் பேச்சு

டயர்க் கடைகளில் இப்படி ஒரு பேச்சை அடிக்கடி கேட்கலாம்.

"அண்ணே, டயர் தேய்ந்து போச்சு. இந்தத் தடவை கொஞ்சம் அகலமான டயராப் போடுங்க. வண்டி எடுப்பா இருக்கும்."

"எந்த அளவு தம்பி?"

"இப்போ 165. அதை 185 ஆக்கிடுங்க அண்ணே."

"185-னு மட்டும் சொன்னா எப்படி தம்பி? நடு எண் என்ன? கடைசி எண் என்ன?"

"அதெல்லாம் யாருக்கு அண்ணே தெரியும்? ரிம்மில் ஏறினாச் சரி!"

இங்கேதான் தவறு தொடங்குகிறது. ரிம்மில் ஏறும் டயர் எல்லாம் அந்தக் காருக்கு ஏற்ற டயர் ஆகிவிடாது.

கார் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அது தரையைத் தொடும் இடங்கள் நான்குதான். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. ஓடுவதும், திரும்புவதும், நிற்பதும் அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான் நடக்கின்றன.

1888-ல் வந்த டயர்

திருத்தணிக்குப் பெருமை சேர்த்தவர் டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். ஜனாதிபதியாக இருந்த அவர், 1888-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி இங்கே பிறந்தார்.

அதே 1888-ம் ஆண்டில்தான் காற்று அடைத்த டயருக்கு ஜான் பாய்ட் டன்லப் என்பவர் காப்புரிமை வாங்கினார். அவர் அயர்லாந்தில் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்தவர். தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும் என்று அவர் செய்து பார்த்த வேலைதான் பிறகு உலகம் முழுவதும் பரவியது.

தமிழ்நாட்டுக்கும் டயருக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு தொழிலைத் தொடங்கினார் மாம்மன் மாப்பிள்ளை. அதுவே எம்.ஆர்.எப். நிறுவனமாக வளர்ந்து, 1961-ல் டயர் தயாரிப்பில் இறங்கியது. திருத்தணிக்குப் பக்கத்தில் உள்ள அரக்கோணத்தை அடுத்த இச்சிபுத்தூரிலும் அந்த நிறுவனத்துக்கு டயர்த் தொழிற்சாலை இருக்கிறது.

பலூன் தொழில் தொடங்கிய அதே 1946-ல் பிரான்சு நாட்டு மிச்சலின் நிறுவனம் ரேடியல் டயருக்குக் காப்புரிமை வாங்கியது. இன்று கார்களில் ஓடுவது பெரும்பாலும் ரேடியல் டயர்தான். மிச்சலினும் இப்போது திருத்தணி இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, தேர்வாய் கண்டிகையில், தொழிற்சாலை வைத்திருக்கிறது.

இப்படி டயர் செய்யும் ஊர்களுக்கு நடுவே இருக்கிறவர்கள் டயரின் மொழியைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

மூன்று எண்கள்

மாருதி டிசையர் காரை எடுத்துக் கொள்வோம். வாடகைக்கும் சொந்த உபயோகத்துக்கும் நிறையப் பேர் வைத்திருக்கும் கார் அது. அதன் விலை குறைந்த ரகங்களில் உள்ள டயரில் "165/80 ஆர் 14" என்று இருக்கும்.

165 என்பது டயரின் அகலம். இது மில்லி மீட்டர் கணக்கு.

80 என்பது டயரின் பக்கச் சுவரின் உயரத்தைக் குறிப்பது. ஆனால் இது மில்லி மீட்டர் அல்ல. சதவீதம்! அகலத்தில் 100-க்கு 80 பங்கு உயரம் என்று பொருள்.

ஆர் என்றால் ரேடியல்.

14 என்பது ரிம்மின் குறுக்களவு. இது அங்குலக் கணக்கு.

ஒரே டயரில் மில்லி மீட்டர், சதவீதம், அங்குலம் மூன்றும் கலந்து வருகின்றன. குழப்பம் வருவதற்குக் காரணம் இதுதான்.

பழைய அம்பாசிடர் காரில் இந்தக் குழப்பம் இல்லை. அதன் டயரில் 5.90-15 என்று இருக்கும். அகலமும் ரிம்மும் மட்டும்தான். இரண்டுமே அங்குலம். பக்கச் சுவரின் உயரம் ஏறக்குறைய அகலத்தின் அளவே இருந்ததால், அதைத் தனியாக எழுத வேண்டிய அவசியம் இல்லாமல் இருந்தது. அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றது. பழைய கணக்கும் அதோடு மறைந்து வருகிறது.

பென்சிலை எடுங்கள்!

இனி கணக்கைப் பார்ப்போம். பள்ளிக்கூடத்தில் சதவீதம் படித்த பிள்ளை இதைப் போட்டு விடும். வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்ளலாம்.

165/80 ஆர் 14 டயரின் பக்கச் சுவர் எவ்வளவு?

165-ல் 100-க்கு 80 பங்கு. அதாவது 132 மில்லி மீட்டர்.

ரிம்முக்கு மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர். இரண்டும் சேர்ந்து 264 மில்லி மீட்டர்.

ரிம் 14 அங்குலம். ஓர் அங்குலம் 25.4 மில்லி மீட்டர். ஆகவே ரிம் 355.6 மில்லி மீட்டர்.

264-ஐயும் 355.6-ஐயும் கூட்டினால் 619.6 மில்லி மீட்டர். இதுதான் டயரின் முழு உயரம். இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக் கொள்ள வேண்டும். வேறு எந்த டயரை வாங்க நினைத்தாலும் இந்த எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

கம்பெனி போட்ட கணக்கு

அதே டிசையர் காரில் விலை கூடிய ரகங்களுக்கு வேறு டயர் வருகிறது. அதன் அளவு 185/65 ஆர் 15.

அகலம் 20 மில்லி மீட்டர் கூடி விட்டது. ரிம்மும் ஓர் அங்குலம் பெரிதாகி விட்டது. அப்படியானால் டயர் மிகவும் உயரமாகி இருக்க வேண்டும் அல்லவா?

கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மை தெரியும்.

185-ல் 100-க்கு 65 பங்கு 120.25. இரண்டு சுவருக்கும் 240.5. ரிம் 15 அங்குலம், அதாவது 381 மில்லி மீட்டர். மொத்தம் 621.5 மில்லி மீட்டர்.

619.6 எங்கே? 621.5 எங்கே? வித்தியாசம் 2 மில்லி மீட்டர்கூட இல்லை!

அகலத்தைக் கூட்டிய கம்பெனி, நடு எண்ணை 80-ல் இருந்து 65 ஆகக் குறைத்து விட்டது. ரிம் பெரிதாயிற்று, சுவர் சிறிதாயிற்று. முழு உயரம் அப்படியே நின்றது.

டயர் மாற்றுவதின் ரகசியமே இதுதான். ஓர் எண்ணைக் கூட்டினால் இன்னோர் எண்ணைக் குறைத்து, முழு உயரத்தைக் காப்பாற்ற வேண்டும்.

கணக்குத் தவறினால்...

கடையில் பேசிய தம்பியின் ஆசைக்கு வருவோம். அவர் 165-ஐ 185 ஆக்கச் சொன்னார். நடு எண்ணையும் ரிம்மையும் தொடவில்லை. அப்படியானால் டயர் 185/80 ஆர் 14.

185-ல் 100-க்கு 80 பங்கு 148. இரண்டு சுவருக்கும் 296. ரிம் 355.6. மொத்தம் 651.6 மில்லி மீட்டர்.

பழைய டயரைவிட 32 மில்லி மீட்டர் உயரம்! 100-க்கு 5 பங்குக்கும் மேல்.

அகலத்தை மட்டும்தான் கூட்டினார். உயரம் ஏன் கூடியது? நடு எண் சதவீதம் என்பதால்தான். அகலம் கூடினால் அதில் 80 பங்கும் கூடத்தானே செய்யும்!

நடு எண்ணை 70 ஆக்கி, 185/70 ஆர் 14 என்று கேட்டிருந்தால் முழு உயரம் 614.6. பழைய டயரைவிட 5 மில்லி மீட்டர்தான் குறைவு. 100-க்கு ஒரு பங்குகூட இல்லை.

டயர்த் தொழிலில் பலர் ஒரு விதி சொல்வார்கள். முழு உயரத்தில் வித்தியாசம் 100-க்கு 3 பங்கைத் தாண்டக் கூடாது. டிசையர் கணக்கில் அது சுமார் 18 மில்லி மீட்டர். தம்பி கேட்ட டயர் அந்த எல்லையைத் தாண்டிப் போய் விட்டது.

மலைப்பாதையில் தெரியும் வேலை

32 மில்லி மீட்டர் என்பது இரண்டு விரல் அகலம்கூட இல்லை. அதனால் என்ன கெட்டு விடப் போகிறது என்று கேட்கலாம்.

சமதரையில் அவ்வளவாகத் தெரியாது. திருத்தணி போன்ற மலைப்பாதையில் தெரியும்.

ஏறும்போது: சக்கரம் உயரமானால் ஒரே சுற்றில் அதிக தூரம் போக வேண்டும். அதற்கு என்ஜின் அதிகமாக இழுக்க வேண்டும். ஐந்து பேரும் மூட்டை முடிச்சுகளும் ஏறி இருந்தால் வண்டி முனகும். கீழ் கியருக்கு மாற்ற வேண்டி வரும்.

வளைவில்: ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பும்போது டயர் மட்கார்டின் உள்பக்கத்தில் உரசலாம். காலியாக நிற்கும் வண்டியைக் கடையில் திருப்பிப் பார்த்தால் உரசாது. ஆட்கள் ஏறி, வண்டி தாழ்ந்து, பள்ளத்தில் விழுந்து, முழுவதும் திரும்பும்போதுதான் உரசும். மலைப்பாதையில் இவை எல்லாம் ஒரே நேரத்தில் வரும்.

இறங்கும்போது: இதுதான் முக்கியம். பிரேக் பழைய பிரேக்தான். அது பிடிக்க வேண்டிய சக்கரமோ இப்போது உயரம். அதே அளவு மிதித்தால் தரையில் கிடைக்கும் பிடி 100-க்கு 5 பங்கு குறையும். இன்னும் அழுத்தி மிதிக்க வேண்டும். "ஏறிய கியரிலேயே இறங்கு" என்பது மலை டிரைவர்களின் பாடம். உயரமான டயர் போட்டால் கியர் வண்டியைப் பிடித்து நிறுத்தும் பலமும் குறைந்து விடும்.

மீட்டர் பொய் சொல்லும்!

வேகம் காட்டும் கருவி சக்கரம் சுற்றுவதை வைத்துத்தான் கணக்கிடுகிறது. சக்கரத்தின் உயரம் மாறியது அதற்குத் தெரியாது.

கம்பெனி டயரில் கருவி சரியாகக் காட்டுவதாக வைத்துக் கொள்வோம். 185/80 டயர் போட்ட பிறகு முள் 80-ல் நிற்கும். கார் 84 கிலோ மீட்டர் வேகத்தில் ஓடிக் கொண்டிருக்கும். டிரைவர் 80 என்று நம்பி இருப்பார்.

உயரம் குறைந்த டயர் போட்டால் கதை தலைகீழ். 165/65 ஆர் 14 டயரின் முழு உயரம் சுமார் 570 மில்லி மீட்டர்தான். வண்டி 25 மில்லி மீட்டர் தரையை நோக்கி இறங்கி விடும். வேகத்தடையில் அடிப்பாகம் இடிக்கும்.

பணத்திலும் வித்தியாசம் வரும். சென்னையில் இருந்து திருத்தணி சுமார் 85 கிலோ மீட்டர். அந்த உயரம் குறைந்த டயரோடு வந்தால் மீட்டர் 92 காட்டும். கிலோ மீட்டருக்கு இவ்வளவு என்று பேசி வந்த குடும்பம், ஓடாத 7 கிலோ மீட்டருக்கும் வாடகை கொடுக்கும்!

185/80 டயரோடு வந்தால் மீட்டர் 81 காட்டும். அப்போது நஷ்டம் வண்டிக்காரருக்கு.

நான்கில் ஒன்று மட்டும் வேறு அளவாக இருப்பதும் நல்லதல்ல. சக்கரம் பூட்டிக் கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக், நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து வேலை செய்கிறது. ஒரு டயர் மட்டும் உயரமாகவோ குட்டையாகவோ இருந்தால் அதற்குத் தவறான தகவல் போகும். ஒரே அச்சில் இடது பக்கம் ஓர் அளவு, வலது பக்கம் ஓர் அளவு போடவே கூடாது.

இன்னும் சில எண்கள்

உயரம் சரியாகி விட்டால் வேலை முடிந்தது என்று எண்ணக் கூடாது. அளவுக்குப் பக்கத்தில் ஓர் எண்ணும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். உதாரணமாக "85 டி" அல்லது "88 எச்".

எண் என்பது சுமைக் குறியீடு. 85 என்றால் 85 கிலோ அல்ல. அந்த ஒரு டயர் 515 கிலோ தாங்கும் என்று பொருள். 88 என்றால் 560 கிலோ. 82 என்றால் 475 கிலோ. புது டயரின் சுமைக் குறியீடு பழையதைவிடக் குறையவே கூடாது.

எழுத்து என்பது வேக எல்லை. "டி" என்றால் மணிக்கு 190 கிலோ மீட்டர் வரை. "எச்" என்றால் 210 வரை. அந்த வேகத்தில் ஓட்டலாம் என்பதற்கு அது அனுமதி அல்ல. டயரின் பலத்துக்கு அளவு. இதுவும் குறையக் கூடாது.

அடுத்து, ஒரு சிறு வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2324 என்று இருந்தால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். கடையில் பல ஆண்டு கிடந்த டயரைப் "புதுசு" என்று வாங்காமல் இருக்க இது உதவும்.

பழைய டயர் தேய்ந்து விட்டதா என்று அறியவும் வழி உண்டு. டயர்ப் பட்டன்களின் பள்ளத்துக்குள் சிறு மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லி மீட்டர். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகி விட்டால், அது மொட்டை டயர்தான். ஒரு நாளும் தாமதிக்காமல் மாற்ற வேண்டும்.

ரிம்மின் அகலத்தையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு டயருக்கும் இவ்வளவு அகல ரிம் என்று ஓர் எல்லை உண்டு. குறுகிய ரிம்மில் மிக அகலமான டயரைத் திணித்தால் அது உப்பி நிற்கும், வளைவில் நெளியும். டயர்க் கம்பெனிப் பட்டியலில் இந்த விவரம் இருக்கும். கடைக்காரரிடம் கேட்டால் காட்டுவார்.

சட்டமும் உண்டு

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. கம்பெனி குறித்த விவரத்துக்கும் பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரத்துக்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். கேரளாவில் எழுந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தியது.

வாடகை வண்டிகளுக்குப் பதிவு விவரத்திலேயே டயரின் அளவும் குறிக்கப்படும். ஆகவே வாடகைக் கார் வைத்திருப்பவர்கள் அதை எடுத்துப் பார்க்காமல் அளவை மாற்றக் கூடாது.

விபத்து நடந்தால் இன்சூரன்சுக் கம்பெனியும் கேள்வி கேட்கும். வண்டியில் மாற்றம் செய்திருந்தால் முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்லி விடுவது நல்லது.

கடைக்குப் போகும் முன்

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு மூடும் இடத்தில் ஒரு சீட்டு ஒட்டி இருக்கும். அந்தக் காருக்கு உரிய டயர் அளவும், அடைக்க வேண்டிய காற்றின் அளவும் அதில் இருக்கும். காருடன் கொடுத்த புத்தகத்திலும் இருக்கும்.

அந்தக் காரின் வேறு ரகத்துக்குக் கம்பெனியே கொடுக்கும் அளவு எது என்று முதலில் பார்க்க வேண்டும். மாற்ற ஆசைப்படுகிறவர்களுக்கு அதுவே பத்திரமான வழி. ஆனால் ரிம்மும் சேர்த்து மாற்ற வேண்டி வரும். செலவைக் கணக்குப் பார்த்துக் கொள்ள வேண்டும்.

ஸ்டெப்னியை மறக்கக் கூடாது. நான்கு டயரை மாற்றிவிட்டு, ஸ்டெப்னியைப் பழைய அளவிலேயே விட்டு விடுகிறவர்கள் உண்டு. நடுவழியில் பஞ்சர் ஆனால் ஓர் அச்சில் இரண்டு அளவு சேர்ந்து விடும். பழைய அளவு ஸ்டெப்னியைப் போட நேர்ந்தால் மெதுவாக ஓட்டி, அருகில் உள்ள பஞ்சர் கடை வரை மட்டும் போக வேண்டும்.

அகலமான டயரால் நன்மையே இல்லை என்று சொல்வதற்கில்லை. காய்ந்த தார் ரோட்டில் பிடிப்பு கொஞ்சம் கூடும். ஆனால் பெட்ரோல் செலவும் கூடும். ரோட்டில் மழைத் தண்ணீர் தேங்கி நின்றால் அகலமான டயர் அதன் மேல் மிதந்து வழுக்குவதற்கு இடம் உண்டு. எடுப்பாக இருக்கிறது என்பதற்காக மட்டும் மாற்றுகிறவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எதையும் மாற்ற வேண்டாம் என்று நினைக்கிறவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். பழைய டயரில் உள்ள எண்களை ஒன்று விடாமல் ஒரு தாளில் எழுதிக் கொண்டு போய், அதே அளவைக் கேட்டு வாங்கினால் போதும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்கிறவர்கள், பணத்தை எடுப்பதற்கு முன் பென்சிலை எடுக்கட்டும். அகலத்தைச் சதவீதத்தால் பெருக்கி, இரண்டு மடங்காக்கி, ரிம்மைக் கூட்டினால் முடிந்தது கணக்கு. ஐந்து நிமிட வேலை. காரில் உட்காரும் பாட்டிக்கும் பேரனுக்கும் அந்த ஐந்து நிமிடம்தான் காவல்!